சிவப்புப் பட்டுப் பெட்டி

தங்கச்சிக்கு,

நீ என்னோடு கதையாமல் விட்டு ஏழு வருடம். இதை வாசித்த பிறகும் கதைக்கமாட்டாய்.

இங்கே ஸ்காபரோவில் என்னோடு வேலை செய்யும் சுக்ரா, டுங்கன் இனத்தவள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் சீனாவிலிருந்து பனிமலை தாண்டி ஓடி, கசகஸ்தான் பக்கம் குடியேறிய முஸ்லிம்களின் வழி. அன்று கொண்டுவந்த அதே விதமான சிவப்புப் பட்டைத்தான் இன்றும் மணப்பெண்ணுக்கு உடுத்துகிறார்கள்.

சனிக்கிழமை அவளுடைய மகளின் கலியாணம். கொண்டைக்கு ஊசி குத்த என்னைக் கூப்பிட்டாள். குத்திக்கொண்டிருந்தபோது சுக்ரா என் காதடியில் மெல்லச் சொன்னாள்:

"ரெண்டாயிரத்து இருபதில எங்கட ஊரை எரிக்கக் கும்பல் வந்த அண்டைக்கு, ரெண்டு கையும் இந்தப் பட்டுப் பெட்டிக்கே சரியாப் போச்சு. மாமனார் நடக்கமாட்டார். ஆளில்லை எண்டு நினைச்சுப் போகட்டும் எண்டு வெளியில பூட்டினன். அவங்கள் வீட்டோட கொளுத்திப்போட்டாங்கள். பூட்டினது நானெண்டு என்ர மனுசனுக்கு இண்டைக்கும் தெரியாது."

நான் மிச்ச ஊசிகளையும் குத்தி முடித்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே வெளியேறிய இடப்பெயர்வில் எங்கள் ஐயா வரமாட்டேன் என்று நின்றதாகத்தானே உனக்குச் சொல்லியிருந்தேன். ஷெல் விழுந்து வீடு பற்றியபோது கதவடி வரை தவழ்ந்து வந்த மனுசன், ஏன் கதவைத் திறக்கவில்லை என்று நீ கேட்டுக்கொண்டேயிருந்தாய்.

அந்தக் கதவுப் பூட்டின் திறப்பை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

அக்கா