வண்டியின் முதுகில் ஒரு தட்டு

மஸ்கட்,
12.3.2005

அன்பு கனகாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகந்தானே? அப்பாவின் கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்தாகிவிட்டதா? முதலில் அதை எழுது.

எங்கள் முதலாளி புதுக் கார் வாங்கியிருக்கிறார். பின்னால் ஏதாவது நெருங்கினால் 'பீப், பீப்' என்று கத்தும் சென்சார் வைத்த கார். போன வாரம் அதை வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன், கத்த ஆரம்பித்தது. திருமங்கலத்தில் நம் வேனைச் சந்துக்குள் ஏற்றும்போது நீ பின்கதவைத் தட்டிக்கொண்டே, "வரலாம்... வரலாம்... இன்னும் இம்புட்டு இருக்குங்க" என்பாயே, பதினொரு வருஷப் பழக்கம் அது. சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை இடம் இருக்கிறது என்று நானும் தாராளமாக வந்தேன். அது வேகமாகக் கத்தியது, நான் இன்னும் வந்தேன். பூந்தொட்டி உடைந்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. காரணத்தைச் சொன்னதும் முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது சென்சாரைக் கேட்டாலும், கண்ணாடியில் பார்த்து என் மனக்கணக்கில்தான் நிறுத்துகிறேன். ஒரு சாண்கூடத் தப்புவதில்லை. ஆனால் போதும் என்று கடைசியில் நீ ஓங்கி ஒரு தட்டு தட்டுவாயே, அது இல்லாமல் வண்டி நின்ற மாதிரியே இல்லை. இன்ஜினை அணைத்த பிறகும் பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறேன்.

பக்கத்து அறை விஸ்வநாத் ஊருக்கு வருகிறான். பருப்புப்பொடி கொடுத்துவிடு. முதலாளி கூப்பிடுகிறார், போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன். பேசி முடித்ததும் சும்மா வைத்துவிடாதே. ரிசீவரில் ஓங்கி ஒரு தட்டு தட்டு. அப்புறம் வைக்கிறேன்.

உன்
சௌரிராஜன்