குமிழி இல்லாத பாட்டில்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

பழகிப் பார்க்க உன் வீட்டுக் குழாயில் பிடித்து அனுப்பிய பாட்டில் வந்தது. முதல் தடவைக்குப் பரவாயில்லை. இனி மாதாமாதம் ஒன்றாம் தேதி மலைமேல் அப்பா இருக்கும் மேல்வீட்டு ஊற்றில் பிடி. பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளேயே மூடு. குமிழி இருந்தால் ஆவியாகிக் கணக்கு கெட்டுவிடும். காலி பாட்டில் இரண்டு பெட்டி அனுப்புகிறேன். ஒன்றை மேல்வீட்டிலேயே வைத்துவிடு.

இதெல்லாம் எதற்கு என்று அண்ணி கேட்டாராமே. தண்ணீரிலும் கனம் கூடியது, குறைந்தது என்று உண்டு. உயரத்தில் விழும் மழையிலும் பனியிலும் கனம் குறைவு. அளந்து பார்த்தால், சூடு ஏற ஏற ஊற்றில் பனியின் பங்கு எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

இந்தச் சாக்கில் மாதம் ஒருமுறை நீ அப்பாவைப் பார்ப்பாய். போன்கூட எடுக்காத இடத்தில் தனியாகக் கிடக்கிறார். எனக்கு அதுதான் பெரிது.

உன் வாலு

ஜூன் 4

அன்புள்ள வாலுவுக்கு,

ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் அனுப்பியிருக்கிறேன். குமிழி இருந்தால் என் காதை அறுத்துக்கொள். அப்பா திடமாக இருக்கிறார். "ஊரு உலகத்துத் தண்ணியெல்லாம் அளக்குறா, அப்பனைப் பாக்க மட்டும் நேரமில்ல" என்று உன்னைத் திட்டினார். மலையேறி என் முட்டிதான் கழன்றுவிட்டது.

அண்ணன்

ஆகஸ்ட் 12

அண்ணனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரலிலிருந்து தண்ணீரின் கனம் ஒரேயடியாகக் கூடியிருந்தது. பனியே அற்றுப்போய்விட்டது என்று தலைகால் புரியாமல் ஆடினேன். மாநாட்டுக்குக் கட்டுரையும் அனுப்பினேன். பிறகுதான் உறைத்தது. ஜூலை வரை நான்கு பாட்டிலும் ஒரே கனம். ஊற்று அப்படி இருக்காது. உன் தெருவின் ஆழ்குழாய்த் தண்ணீர்தான் மாறாமல் இருக்கும். ஜனவரிப் பாட்டிலோடு ஒப்பிட்டேன், அச்சு அசல் அதேதான்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். அது போகட்டும். இத்தனை மாதம் அப்பாவை யார் பார்த்தது? அவர் என்னைத் திட்டினார் என்று எழுதினாயே, அதுவும் குழாயில் பிடித்ததுதானா?

உடனே மேலே போ.

தங்கை

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலு,

மார்ச்சில் பாட்டில் பிடிக்கப் போனபோது, கீழே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அப்பாவிடம் மறுபடி கேட்டேன். "இனிமே இந்தப் படி ஏறாத" என்றார். எனக்கும் ரோஷம். ஒரு வாரம் போகட்டும் என்று இருந்தேன், மாதங்கள் ஓடிவிட்டன. உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக் குழாயைத் திறந்தேன்.

நேற்று போனேன். இந்த மாதம் ஒன்றாம் தேதி ஊற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். பால்காரர்தான் கட்டிலில் கிடத்தி, பாலும் ரொட்டியும் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லக் கூடாது என்று அவரிடம் அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன்.

ஜன்னலில் ஐந்து பாட்டில், அவர் கையெழுத்தில் தேதியோடு. "நீ வரமாட்டேன்னு தெரியும். அவ கேப்பா, அதான் நானே புடிச்சு வச்சேன்" என்றார். என்னைத் திட்டக்கூட இல்லை. பாட்டில்களை அனுப்புகிறேன்.

ஐந்து வருஷமாக நீயும்தான் வரவில்லை. அதையும் நினைத்துப் பார்த்து மன்னித்துவிடு.

அண்ணன்

செப்டம்பர் 6

அப்பாவின் நான்கு பாட்டில்களில் ஒரு குமிழிகூட இல்லை. பனியின் பங்கு மெல்ல மெல்லத்தான் குறைகிறது. கட்டுரையில் அவர் பெயர் இருக்கும். ஐந்தாவதில் பாதிதான் தண்ணீர். அதைப் பிடிக்கும்போதுதான் விழுந்திருக்கிறார். ஆய்வுக்கு உதவாது. என் மேஜையில் வைத்திருக்கிறேன்.

ஐந்து வருஷம் என்று கேட்டது நியாயம்தான். உன்னை நம்பி இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போகிறேன். மேல்வீட்டுச் சாவியை நர்ஸிடம் கொடுத்துவிடு. நான் வரும்போது நீ அங்கே இருக்க வேண்டாம்.

உன் நான்கு பாட்டிலையும் தொட்டியில் கொட்டிவிட்டேன். பழகிப் பார்க்க அனுப்பியதை மட்டும் கொட்டவில்லை. அதில் 'எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்' என்று நீயே உண்மையை எழுதி ஒட்டியிருக்கிறாய்.

தங்கை