இரும்புச்சட்டைக்காரனுக்கு நான் வரைந்த முகம்

அக்கா,

இன்று மத்தியானம் லேப் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது உங்கள் பழைய சேலைக் கிழிசல் கையில் வந்தது. பிரஷ் துடைப்பதற்காக நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி. பச்சைச் சேலை என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு வெள்ளிக் கோடுகள் அதில். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் வாசம் இல்லை, நீங்கள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசமும் இல்லை. தூசி ஏறித் தும்மல்தான் வந்தது. தும்மிவிட்டு, பாதியில் நின்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தேனியில் அந்தப் பல் மருத்துவமனையின் முன்னறையில் நீங்கள் டோக்கன் எழுதினீர்கள். பின்னறை லேப்பில் நான் கட்டுப்பல்லும், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் செய்தேன். காலையில் உத்தமபாளையம் பஸ்ஸில் நீங்களும் வடுகபட்டியிலிருந்து நானும் வந்து இறங்குவோம். டாக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் அந்த ஒன்றரை மணி நேரம் நம்முடையது. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் நான் என் பொம்மைகளை எடுத்துப் பரப்புவேன். சுண்டுவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் வீரர்கள். கற்பனைப் போர் விளையாட்டுக்காகச் செய்தவை. உடம்பு முழுக்க இரும்புக் கவசம், தோளில் பூசணிக்காய் அளவுக்கு இரும்புத் தகடு, தலைக்கவசத்தில் இறக்கை, ஆளைவிட நீளமான வாள். அவற்றுக்கு வண்ணம் பூசுவது பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த வயதில் பொம்மையா என்று கேட்டவர்கள்தான் அதிகம். நீங்கள் ஒருவர்தான் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தீர்கள்.

"ஏத்தா, இம்புட்டு இரும்பையும் மாட்டிக்கிட்டு இவன் அவசரத்துக்கு எப்பிடி ஒதுங்குவான்?"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிரஷ் வீரனின் மூக்கில் இடித்துவிட்டது. மறுநாள் நீங்களாகவே நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒருத்தனக் குடு. கெடுத்துட்டா ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றீர்கள்.

உங்களுக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தைந்து. சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நான் இருந்தேன். அது என் தலையில் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

முதலில் கருப்பு அடிக்க வேண்டும். அடித்தளக் கருப்பு இல்லாமல் பிளாஸ்டிக்கில் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஸ்பிரே டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். ஆடி மாதம். நம் பள்ளத்தாக்கில் ஆடியில் மாடியில் துணி காயப்போடவே நாலு கிளிப் வேண்டும். அதில் ஸ்பிரே அடிக்கப் போன புத்திசாலிகள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து மண்ணோடு சேர்ந்து வந்து ஒட்டியது. உங்கள் வீரன் உடம்பெல்லாம் ரவை ஒட்டியது போலச் சொரசொரப்பு. கழுவிவிட்டு மறுபடி அடிக்கலாம் என்றேன் நான்.

"விடுத்தா. துருப்பிடிச்ச சட்டைன்னு சொல்லிருவோம். மழையில நனைஞ்சவன் போல."

அடுத்தது வெள்ளி. பிரஷ்ஷை வெள்ளிப் பெயிண்டில் தொட்டு, துணியில் தேய்த்துத் தேய்த்து, அநேகமாக ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு கவசத்தின் மேல் லேசாக அப்படியும் இப்படியும் தடவ வேண்டும். மேடுகளில் மட்டும் வெள்ளி பிடிக்கும், பள்ளங்களில் கருப்பு நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நீங்கள் துணியையும் பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "பெயிண்ட முச்சூடும் தொடச்சுப்புட்டு மிச்சம் இருக்க வெறும் பிரஷ்ஷ வச்சு அடிக்கச் சொல்ற. நல்லா இருக்கு ஒன் வாத்தியார் வேலை." ஆனால் இரண்டாவது தடவலிலேயே தோள்தகட்டின் விளிம்பு பளிச்சென்று எழுந்து வந்தது. "அட" என்றீர்கள். டாக்டர் திரும்பி வரும் வரை அந்த ஒரு தோளையே தடவிக்கொண்டிருந்தீர்கள்.

தண்ணீராகக் கரைத்த பழுப்பை இடுக்குகளில் ஓடவிட்டது, பஞ்சுத் துண்டால் ஆரஞ்சு நிறத்தை ஒற்றித் துரு வைத்தது எல்லாம் அதற்கடுத்த வாரங்களில். அந்தச் சொரசொரப்பில் துரு அப்படிப் பிடித்தது. என் வீரர்களின் துரு பெயிண்டாகத் தெரியும். உங்களுடையது துருவாகவே இருந்தது. இதை அன்றைக்கு உங்களிடம் நான் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் முகம். தலைக்கவசத்தின் முன் மூடி மேலே தூக்கி இருக்கும், உள்ளே மிளகளவு முகம் தெரியும். நீங்கள் அதை முழுக்கக் கருப்பாக அடைத்துவிட்டீர்கள்.

"இவனுக்கு மொகம் வேணாம்த்தா. உள்ளுக்க இருட்டா இருந்தாப் போதும்."

"பயப்படாதீங்கக்கா. கண்ணு வரையத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. கை நடுங்குனா நான் பிடிச்சுக்கிறேன்."

நீங்கள் சிரித்தீர்கள். "இல்லத்தா, இருக்கட்டும். இவன வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றீர்கள். அவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! கை நடுக்கம், வெட்கம், அதை மறைக்க ஒரு சாக்கு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

என் தொழில் புத்தி உங்களுக்குத் தெரியும். கேப்பில் ஒரு நூலளவு மேடு இருந்தாலும் எடுத்து ராவாமல் என்னால் இருக்க முடியாது. மதுரையில் இந்த மாதிரி பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது. புதியவர்களின் வேலைக்குத் தனி மேசை உண்டு என்றார்கள். உங்களையும் கூப்பிட்டிருந்தேன். சனிக்கிழமை நீங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள். நான் உங்கள் வீரனைக் கையில் எடுத்தேன். கருப்பாக அடைத்த அந்த ஓட்டை என்னைப் பார்த்து, இவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று சொல்வதுபோல் இருந்தது. அரை மணி நேரம் போதுமாயிருந்தது. முகத்துக்குத் தோல் நிறம், கன்னத்தில் ஒரு நிழல், மூன்று முடி பிரஷ்ஷால் இரண்டு கண்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகக் கண் வரைந்ததில்லை. உங்களுக்கு உதவி செய்ததாக நினைத்துச் சந்தோஷமாகப் பஸ் ஏறினேன்.

மறுநாள் மதுரையில் மேசை முன்னால் நின்று நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டீர்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், "முதல் பொம்மையிலேயே கண்ணு இவ்வளவு அருமையா வந்திருக்கேம்மா" என்றார். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் இந்தப் பிள்ளைதான்" என்றீர்கள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியது. நானாகத்தான் கேட்டேன், கோபமா என்று.

"கோவம் எதுக்கு? நல்லாத்தான செஞ்சிருக்க" என்றீர்கள். பிறகு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். விழுந்தது அக்கா. நன்றாக விழுந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் பிரஷ்ஷைத் தொடவில்லை. கண் வலிக்கிறது என்றீர்கள், கை ஆடுகிறது என்றீர்கள். வீட்டுக்குக் கொண்டு போகவில்லையா என்று கேட்டதற்கு, "இங்கனயே இருக்கட்டும்த்தா" என்றீர்கள். என் மேசை இழுப்பறையில் இருந்தான். எப்போதும்போல மத்தியானம் ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டோம், எப்போதும்போல என்னைக் கேலி செய்தீர்கள். நானும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. இரண்டு வருடத்தில் வேலையை விட்டு நின்றீர்கள். போன ஐப்பசியில் உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் போய்விட்டதைச் சொன்னாள்.

நாற்பதாம் நாள் உத்தமபாளையம் வந்தேன். உங்கள் மகள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ். பீங்கான் கோப்பைகள், கடிகாரம், பேரன் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை. நடுத்தட்டு மட்டும் காலி. நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அம்மா ஏதோ பொம்மைக்குன்னு எடம் விட்டு வச்சிருந்துச்சுக்கா. எங்க மார்க்கத்துல உருவம் வைக்கக் கூடாதுன்னு எங்க அத்தா வீட்ல சம்மதிக்க மாட்டாக. மொகம் இல்லாம இருந்தா வச்சுக்கன்னு அம்மாகிட்டச் சொன்னாக. அம்மா அதுக்காகவே மொகத்த விட்டுட்டுச் செய்யிறேன்னுச்சு. அப்பறம் கொண்டாரவே இல்ல. கேட்டா, எனக்குச் சரியா வரலன்னு சொல்லிருச்சு."

எனக்குச் சரியா வரலை. பழியை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் என் பெயர் இந்த விஷயத்தில் தெரியாது.

"அது உங்ககிட்ட இருக்காக்கா? சரியா வராட்டியும் பரவால்ல. அம்மா கைப்பட்டது, எங்களுக்கு வேணும்."

உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்களுக்காக ஓதிய நெய்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "தேடிப் பாக்குறேன்" என்று நான் பொய் சொன்னேன். அவன் என் இழுப்பறையில் முன்வரிசையில் இருந்தான்.

அவள் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் தேடிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒருநாள் கருப்புப் பாட்டிலைத் திறந்து பிரஷ்ஷில் தொட்டுக்கூட விட்டேன். ஒரு சொட்டு போதும், முகம் மறைந்துவிடும், நீங்கள் செய்த மாதிரியே ஆகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. நீங்களும் அந்த இரண்டு வருடத்தில் ஒரு சொட்டு வைத்து அவனை எடுத்துப் போயிருக்கலாம். நான் பார்த்தால் மனசு கஷ்டப்படுவேன் என்று விட்டீர்களா, இல்லை உங்களுக்கு மனசே விட்டுப்போனதா, தெரியவில்லை. மறுபடியும் உங்கள் பொம்மையில் திருட்டுத்தனமாகக் கை வைக்கிறோம் என்று தோன்றியதும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே லேப்புக்கு வந்துவிட்டாள். இதற்கு மேல் தேட இடம் இல்லை. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸில் காது கேட்காதது போல இருந்ததையும் சேர்த்து. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனைக் கண்ணருகே கொண்டுபோய், "இதுல எங்கம்மா செஞ்சது எது?" என்று கேட்டாள்.

தோள்தகட்டைக் காட்டினேன். துருவைக் காட்டினேன், ஆடிக் காற்றைச் சொன்னேன். முகம் மட்டும் நான், மற்றதெல்லாம் அவர் என்றேன். அவள் சுண்டுவிரல் நுனியால் அந்த முகத்தை மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"கருப்பு இருக்காக்கா?"

பாட்டிலைத் திறந்தேன். பழக்க தோஷம், பிரஷ்ஷையும் நானே எடுத்துத் தொட்டேன்.

"நீங்க தொடாதீங்கக்கா."

குரலில் கோபமே இல்லை. பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி, வாய்க்குள் பிஸ்மி சொல்லி, என்னுடைய மிகச் சிறந்த கண்களின் மேல் கருப்பைப் பூசினாள். தொட்ட பெயிண்ட் அதிகம். தலைக்கவசத்தின் விளிம்பைத் தாண்டி, இறக்கையின் அடி வரை வழிந்தது. ஈரமாக இருக்கும்போதே ஒரு தடவு தடவினால் போய்விடும். என் கை எழுந்தேவிட்டது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவள் கைக்குட்டையில் சுற்றி அவனை எடுத்துப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவே அவள் அத்தா, உங்கள் வீட்டுக்காரர், அவனை நடுத்தட்டில் வைத்துவிட்டார் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்.

அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் சரிபண்ண முன்னால் ஓடுகிறது. இப்போதெல்லாம் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செஞ்சீங்க என்று முதலில் கேட்கிறேன். எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறார்கள். உங்களிடம்தான் நான் கேட்கவே இல்லை.