அப்பா கூட்டிச் சொன்ன ஆறு வயது

அம்மா,

அப்பா என்னிடம் சொல்லி இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. நீங்கள் நினைத்தது போல் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் முகம் பார்த்துச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

ரசம் அடுப்பில் இருக்கிறது. நான் பள்ளிக்குப் பாடம் நடத்தக் கிளம்புகிறேன். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதுதான். “பதினெட்டுன்னு சொன்னேம்மா, பேர் பதியுற கிராணி அப்படியே எழுதிக்கிட்டாரு. அப்பத்தான் பெரியாள் சம்பளம்,” என்றார். அடையாள அட்டையிலும் ரப்பர் ஆலையிலும் அதே வயது ஏறிவிட்டது. பட்டம் வாங்கிய நான் ஒருநாளும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

இப்போது காஜா பெராங் தெரு ஒட்டுக்கடையில் தேநீரோடு உட்கார்ந்திருப்பார். ஆலைச் சங்கு ஊதியதும் வருவார். திட்டாதீர்கள்.

சிவகாமி

பி.கு. நாளை அவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டாம். நாற்பத்தொன்பது வயது மனிதரை, ஓய்வு வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டதென்று மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறையோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.