உப்புப் பூக்காத இடம்

இன்று விடிந்ததிலிருந்து கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கிறது. குளியலறைக் கதவைத் திறந்ததும் கடல் வாடை முகத்தில் அறைந்தது. மீன் வாடையல்ல, அலை உள்வாங்கிய பிறகு பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியின் வாடை. சுவர் வியர்த்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊருக்கெல்லாம் கடலு வெளியில கெடக்கு, ஒங்களுக்கு வீட்டுக்குள்ள கெடக்கு மைனி" என்கிறாள். இந்த வாடை வந்தால் நீங்கள் வந்துவிட்டதாக எனக்குக் கணக்கு. அதனால்தான் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன். பேச மட்டுமில்லை, கொஞ்சம் சண்டையும் பாக்கி இருக்கிறது.

மகனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்துப் போனான். அடுத்த வருடம் மகளை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாண அலுப்பே தீரவில்லை, நீங்கள் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு வீட்டை முறைத்துப் பார்த்தீர்கள். "ஏளா, அடுப்பங்கரைய இடிச்சிருவோம். குளிக்கிற எடத்தையும் உள்ள கொண்டாந்திருவோம்" என்றீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புகைக்கூண்டு ஒன்று வையுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கேட்ட காலத்தில் சரக்குக் கிட்டங்கிச் சாவியைத் தூக்கிக்கொண்டு தோணித்துறைக்கு ஓடியவர் நீங்கள்.

"பிள்ளைய ரெண்டும் இருக்கும்போது செய்யாத வேலைய இப்ப யாருக்குச் செய்யுதிய?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான். மழையில கெணத்தடிக்குப் போயி வழுக்கி விழுந்தா யாரு ஒன்னத் தூக்குறது?"

நான் ஒருநாளும் வழுக்கியதில்லை. ஆனாலும் அதைக் கேட்டு மனம் குளிர்ந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல அப்படி ஒரு அவசரம் உங்களுக்கு. அந்த நாளில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய வேண்டும். செங்கல்லும் உடனே கிடைக்காது. கொத்தனார், "தை பிறக்கட்டும் அண்ணாச்சி" என்றார். நீங்கள் கேட்கவில்லை. இடித்துப்போட்ட அடுப்பங்கரைச் சுவர் முற்றத்தில் குவிந்து கிடந்தது. எல்லாம் கடல் கல், பவளப்பாறையை வெட்டி எடுத்தது. உங்கள் தாத்தா காலத்தில் தீவுகளிலிருந்து தோணியில் ஏற்றி வந்தவை. உடைத்த இடத்தில் தேன்கூடுபோலக் கண் கண்ணாகத் தெரியும். அந்தக் கல்லை வைத்தே குளியலறையைக் கட்டிச் சுண்ணாம்பு பூசச் சொன்னீர்கள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி பொழங்குற எடத்துல கடக்கல்ல வைக்காதிய. சொன்னாக் கேளுங்க. கொண்டல் அடிச்சா உப்புப் பூத்துரும். நீங்க எத்தன தடவ வெள்ளையடிச்சாலும் நிக்காது."

"பூத்தாப் பூக்கட்டும். இப்பக் கட்டு" என்றீர்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தக் கரையில். கடல் கல்லின் குணம் தெரியாதவரா நீங்கள்?

இன்னும் சில காரியங்கள் எனக்கு விளங்கவேயில்லை. குளியலறைக்கு நிலைப்படி வேண்டாம், தரை ஒரே மட்டமாக இருக்கட்டும் என்றீர்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம் என்றீர்கள். "தாழ்ப்பாள் இல்லாத குளியலறையா? ஊரு சிரிக்கும்" என்று நான் கத்தினேன். "வீட்டுல இருக்குறது நாம ரெண்டு பேரு. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?" என்று சிரித்தீர்கள். பழைய அடுப்பங்கரையில் பரண்மேல் இருக்கும் புளிப்பானையை, ஊறுகாய் ஜாடியை எல்லாம் நீங்கள்தான் எடுத்துத் தருவீர்கள். புதிதில் பரணே இல்லை. என் முழங்கை உயரத்தைச் சாண் போட்டு அளந்து மேடை கட்டினீர்கள். அலமாரி அத்தனையும் என் கைக்கு எட்டும் உயரத்தில். கேஸ் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சிய அன்று நான் சுற்றிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை.

"ஒத்த ஆளுக்குக் கட்டுன மாதிரில்லா இருக்கு" என்றேன். நீங்கள் பாலைக் குடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதன் பிறகு காலையில் நான் தோசை சுடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் குளிப்பீர்கள். நெஞ்சிலும் காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு போவீர்கள். கேட்டால் வாயு என்பீர்கள். ஒரு செம்பு தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றுமே கேட்காது. ஒரு தோசை வெந்து, திருப்பிப்போட்டு, எடுத்து வைத்த பிறகும் அடுத்த செம்பு விழாது. "உறங்கிட்டியளா?" என்று குரல் கொடுப்பேன். "வாரேன்ளா" என்று பதில் வரும். அந்தக் குரல் எப்போதும் தரையிலிருந்து வந்ததுபோல இருக்கும். சுவர் புதிது, அதனால் சத்தம் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வெயில்காலத்தில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைமுடி ஈரம்கூடக் காயவில்லை.

நீங்கள் போன பிறகு முதல் கொண்டல் வந்தபோதுதான் சுவர் பூத்தது. கொத்தனார் சொன்னபடியே, மாவைத் தூவியதுபோலச் சுவர் முழுக்க வெள்ளை உப்பு. நான் துடைப்பத்தோடு உள்ளே போனேன். கதவோரம் என் தலை உயரத்தில் ஓர் இடத்தில் மட்டும் உப்பு இல்லை. ஐந்து விரல். சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தோணியிலிருந்து மூட்டை இறக்கும்போது வடக்கயிற்றில் சிக்கி ஒடிந்த உங்கள் விரல். அதைத் தாண்டி இன்னொரு கை, சற்றுக் கீழே. அப்புறம் இன்னொன்று, இன்னும் கீழே. தண்ணீர்த் தொட்டிவரை வரிசையாகப் போயின. கடைசிக் கை என் முழங்கால் உயரத்தில் இருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு கையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "எண்ணெய் குடிச்ச எடத்துல உப்புப் பூக்காது மைனி. அண்ணாச்சி தைலக் கையோட செவத்தப் புடிச்சிப் புடிச்சி நடந்திருக்காவ. நிக்க முடியாமத் தொட்டிக்கிட்ட உக்காந்திருக்காவ."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எத்தனை வருடம் ஒரே தலையணையில் படுத்திருப்போம்! கிணற்றடி வரைக்கும் நடக்க முடியாமல் போனது உங்களுக்கு. வழுக்கி விழப் போவதாகச் சொன்னது என்னை. தாழ்ப்பாள் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விழுந்தால் நான் கதவை உடைக்க வேண்டாம் என்று யோசித்திருக்கிறீர்கள். அதை யோசிக்கத் தெரிந்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? என்னை எதற்கும் லாயக்கில்லாதவள் என்று நினைத்துவிட்டீர்களா? அந்தச் சுவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

வெள்ளையடித்தேன். மறு கொண்டலில் கைகள் திரும்பி வந்தன. சுரண்டிவிட்டுப் பூசினேன், அப்போதும் வந்தன. மகன் இதைக் கேள்விப்பட்டுப் பயந்துபோனான். "வெள்ளை டைல்ஸ் ஒட்டிருவோம்மா, அந்தச் சுவரே கண்ணுல படாது" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தினமும் உங்களிடம் தோற்றுப்போய்க் குளிக்க முடியவில்லை. இந்த மாதக் கடைசியில் ஆள் வருவதாக ஏற்பாடு.

மகள் முந்தாநாள் வந்தாள். இன்று காலை குளிக்கப் போனவள் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா கை சரி. பக்கத்துலயே சின்னதா இன்னொரு கை இருக்கே, அது யாரு?"

"கிறுக்கு மாதிரிப் பேசாத. நான் ஒருத்திதான இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். இருந்தது. உங்கள் ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில், ஒட்டினாற்போல, ஒரு சின்னக் கை. கதவிலிருந்து தொட்டிவரை. என் கையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். ரேகை பிசகாமல் பொருந்தியது. நீங்கள் வைத்துவிட்டுப் போன தைலத்தைத்தான் கொஞ்சநாளாக நான் முழங்காலுக்குத் தேய்க்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சுவரை ஒருமுறைகூடத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

மகள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஒனக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது? மறைக்காமச் சொல்லு." கண் கலங்கி நின்றாள். நடக்கக் கால் தாங்கவில்லை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "ஒண்ணுமில்லளா. போயித் தலையத் துவட்டு" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போன பிறகு அங்கேயே நின்றேன். உங்கள்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. ஈரச் சுவர் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. நம் கை இருக்கும் இடம் மட்டும் குளிரவில்லை. டைல்ஸ் வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லி அனுப்பப் போகிறேன். நாளைக் காலையிலும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். இனிமேல் தெரிந்தே.