பின்சீட்டுக்காரியின் உரிமை

நேற்றுக் காலை, காபி ஆறிப்போகும் வரை யோசித்து, எங்கள் வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. ஸ்கூட்டரின் பின்சீட் ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிவிடுவது. நீ கடைசியாக இறங்கிய நாளிலிருந்து அது விரிந்தபடியே இருந்தது. வண்டியை உள்ளே ஏற்றும்போதெல்லாம் கேட்டில் உரசும். பெயின்ட் போகிறதென்று வீட்டுக்காரர் பலமுறை முறையிட்டார். மனு பரிசீலனையில் இருந்தது.

இறங்கியதும் அதை மடக்கும் பழக்கம் உனக்கு என்றுமே இருந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் எலுமிச்சை சாதப் பையோடு சர்ச் வாசலில் நிற்பாய். தோழிகள் நமக்குள் ஒரே சட்டம்: எங்கே போவது என்று பின்னால் உட்காருபவள் சொல்வாள்; எப்போது திரும்புவது என்று ஓட்டுபவள் சொல்வாள். திண்டிவனம் மேம்பாலத்தடி வரும்வரை நீ வாய் திறக்க மாட்டாய். பிறகு தோளில் ஒரு தட்டு. இடது தோள் என்றால் மரக்காணம் ரோடு, வலது என்றால் செஞ்சி ரோடு.

கழுவெளி ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போனோம். "அதோ பாருடி, ஃபாரின் பறவை!" என்று நீ காட்டியது முள்ளில் மாட்டிய பாலித்தீன் பை. வந்ததற்கு அதையே கொஞ்ச நேரம் பார்த்தோம். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைச் சுற்றிவந்து பெருமூச்சு விட்டாய். "கோடி வருசமா கெடக்குதாம். பக்கத்துல ஒரு டீக்கடை வைக்க எவனுக்கும் தோணலியே!"

செஞ்சியில் ராஜகிரி மலையின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். உதடு வெளுத்திருந்தது.

"அஞ்சு நிமிசம் குட்றி. மேல ஒரு பாலம் இருக்குதாம். அத்த தாண்டினா உச்சி."

"திரும்பலாம். ஓட்றவ சொல்றேன்."

"பெரிய கலெக்டரு இவ! அடுத்த வாட்டி நான் ஓட்டிக்கினு வர்றேன், நீ பின்னால குந்து. உச்சியப் பாக்காம வண்டிய திருப்புனா என்னான்னு கேளு."

முனகிக்கொண்டே கீழே இறங்கினாய். அடுத்த வாட்டிக்கு முன்பே, ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, உன் நெஞ்சு நின்றுவிட்டது. அன்று உன்னைக் கீழே இறக்கியது சரிதான் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எல்லோரும் உச்சியைப் பார்த்தவர்கள்.

போன ஞாயிறு, பூசை முடியும் நேரத்துக்கு வண்டியை எடுத்தேன். மேம்பாலத்தடியில் நின்றேன். எந்தத் தோளிலும் தட்டு விழவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, தலையை நீட்டினார்.

"யம்மா, எந்தப் பக்கம்தான் போற? சொல்லித் தொலையேன்."

எனக்குத் தெரியவில்லை. எப்போது திரும்புவது என்று சொல்லும் உரிமை மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. திரும்பிவிட்டேன்.

நேற்று மடக்கினேன். துருப்பிடித்திருந்ததால் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வண்டி இப்போது கேட்டில் உரசாமல் உள்ளே போகிறது.