ஆற்றுத் தண்ணீர் இதில் அடங்காது

என் பாசத்துக்குரிய அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு நடந்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இது வரப்போகிறது என்றும் சொன்னேன். "எழுது. அவரின்ரை கதையையும் எழுது, என்ரை கதையையும் எழுது. ஆனா உன்ரை கதையை விட்டிடாதை" என்றார்.

ஆகவே என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் இல்-பிசார் தீவில் அந்த வீட்டை வாங்கியபோது நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பழகிவிட்டிருந்தேன். தமிழ் ஆட்கள் வந்தால் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். பிரெஞ்சில் இருக்கும் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் கையெழுத்து வாங்குவேன். உங்களுக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. மின்னஞ்சலில் அனுப்பினேன். நீங்கள் துறைமுக வாசலில் கொள்கலனுக்காகக் காத்து நின்ற லொறிக்குள் இருந்தபடியே போனில் விரலால் கையெழுத்து வைத்து அனுப்பினீர்கள். "எல்லாம் இருக்குத்தானே?" என்று கேட்டீர்கள். "ஓம் அண்ணை" என்றேன்.

கழிவுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறினால் காப்புறுதி இருந்தது. ஆறு கரை தாண்டி உள்ளே வந்தால் இல்லை. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எங்கோ இருந்தது.

ஆற்றங்கரையில் இருந்த அந்த வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதியை அப்போது எவரும் தந்திருக்க மாட்டார்கள். இதை எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இல்லை என்று தெரிந்திருந்தால் பேஸ்மென்டில் இரண்டு படுக்கையறை கட்டியிருப்பீர்களா? அண்ணியின் தையல் மெஷின்களைக் கீழே இறக்கியிருப்பீர்களா? இதை இனி யாரிடம் கேட்பது?

அந்த வசந்தத்தில் பனி உருகி, மேலே மழையும் சேர்ந்து பெய்தது. மூன்று நாட்கள் மணல் மூட்டை அடுக்கினோம். நாலாம் நாள் காலை தண்ணீர் பின்வளவைக் கடந்து பேஸ்மென்ட் யன்னலைத் தொட்டது. சத்தமே இல்லை. நாங்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலின் மெத்தை மெல்ல எழும்பி மிதந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒப்பந்தத்தை அச்சடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தீர்கள்.

"இதிலை எங்கை இருக்கெண்டு காட்டு."

காட்டினேன்.

"இதை எனக்குச் சொன்னனியா?"

"இல்லை, அண்ணை."

"தெரியாத சனத்துக்கெல்லாம் வாசிச்சுச் சொல்லுறாய் எண்டு எல்லாரும் கதைக்கினம்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். கதிரையை மேசைக்குள் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனீர்கள். காப்புறுதியையும் வேறு அலுவலகத்துக்கு மாற்றினீர்கள். அதன் பிறகு கோயிலிலும் கலியாண வீடுகளிலும் காணும்போது "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பீர்கள். சாப்பிட்டுவிட்டேன் என்பேன்.

அரசாங்க உதவி வந்தது. பேஸ்மென்டைத் திரும்பக் கட்டுவதானால் பெர்மிட் வேண்டும், படுக்கையறை கூடாது என்று நகரசபையில் சொல்லியும், நீங்கள் பெர்மிட் எடுக்காமலே ஜிப்ரொக் என்ற சுவர்ப் பலகை அடித்து அறைகளைத் திரும்பக் கட்டியதாக அண்ணி சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா?

பிறகு ஒரு மாசி மாதம், அதே துறைமுக வரிசையில், லொறிக்குள் மார்படைப்பு வந்து நீங்கள் போய்விட்டீர்கள். முன்னால் நின்ற லொறி நகர்ந்தும் உங்களுடையது நகராததைப் பார்த்து, பின்னால் நின்றவர் இறங்கி வந்திருக்கிறார். அதையும் நான் அண்ணி சொல்லித்தான் அறிந்தேன்.

இனி உங்களுக்குத் தெரியாதவை.

வெள்ள வலயங்களுக்குப் புதிய வரைபடம் வந்துவிட்டது. உங்கள் வீடு ஆபத்துக் கூடிய பகுதியில் விழுகிறது. அண்ணிக்கு அந்தப் பெரிய வீடும் பனி அள்ளுவதும் தனியாக ஏலாமல் போனது. பஸ்ஸும் குறைவு. விற்க முடிவு செய்தார். விற்பவர் நிரப்பும் படிவத்தில், வீட்டுக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். அண்ணி அதற்கு இல்லை என்று போட்டிருந்தார். "நீ ஒண்டும் கதையாதை. சுவரெல்லாம் புதுசு. அவர் பாடுபட்டுக் கட்டினவர்" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். உங்கள் விஷயத்தில் பழகிய பழக்கம்.

இரண்டு கிழமை கழித்துச் சென்னைக்காரப் பிள்ளைகள் இருவர் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள். கார்த்திக், நித்யா. இருவரும் கணினி வேலை. நித்யாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். வீடு வாங்கப் போவதாகவும், காப்புறுதி இருந்தால்தான் வங்கி கடன் தரும் என்றும் சொன்னார்கள். விலாசத்தைக் கேட்டேன். உங்கள் விலாசத்தைச் சொன்னார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய் அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணி, வீடு வாங்க வாற பிள்ளையளுக்குத் தண்ணி வந்ததை நீங்களே சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"நான் என்ன களவே எடுத்தனான்? உன்ரை அண்ணையின்ரை வீடு."

"ஓம், அண்ணையின்ரை வீடு. அவருக்கும் நான் சொல்லேல்லை. அதாலைதான் இப்ப கேக்கிறன்."

போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்தேன். "அது என்ரை அண்ணையின்ரை வீடு. அதாலை உங்கடை காப்புறுதியை இஞ்சை வேறை ஒராள்தான் பாக்கவேணும். ஆனா ஒண்டு சொல்லோணும். ஆறு அந்த வீட்டுக்குள்ளை வந்தது. நான் படியிலை நிண்டு பாத்தனான்" என்றேன்.

"பேஸ்மென்ட்ல குழந்தைக்கு ரூம் போடலாம்னு பேசிட்டிருந்தோம், மேடம்" என்றார் நித்யா. பிறகு, "எங்க வீட்லயும் வந்துது. சென்னையில. முழங்கால் அளவுக்கு. அதுக்கப்புறம் அப்பா கீழ் வீட்டுல படுக்கவே மாட்டார்" என்றார்.

"அப்போ வாங்க வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் கார்த்திக்.

"வாங்குங்கோ எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நகரசபையின்ரை வரைபடத்தைப் பாருங்கோ. ஆத்துத் தண்ணிக்கு எந்தக் கொம்பனி காப்புறுதி தருமெண்டு கேளுங்கோ. அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ."

கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் தரவில்லை. அவர்கள் கர்க்லாண்டில், ஆற்றுக்கு எட்டத்தில் ஒரு சின்ன வீடு எடுத்தார்கள். பிள்ளை பிறந்ததும் படம் அனுப்பினார்கள்.

அண்ணி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் வீட்டாருக்கு அது கைவந்த கலை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை போன் எடுத்தார். "நகரசபைக்குப் போகவேணும். எனக்குப் பிரெஞ்சு காணாது. வாறியே?" என்றார். திங்கட்கிழமை போனேன்.

பெர்மிட் இல்லாமல் கட்டியதைத் தானாகவே அந்த மேசையில் சொன்னார், அண்ணை. அவர் சொன்னதை நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அங்கிருந்த பெண் அலுவலர் கத்தவில்லை. அறைகளைக் கழற்றவேண்டும், மின்பெட்டியை மேல் தளத்துக்கு மாற்றவேண்டும், கழிவுக்குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி வால்வு பூட்டவேண்டும், இந்த முறை எல்லாவற்றுக்கும் பெர்மிட் எடுக்கவேண்டும் என்று எழுதித் தந்தார்.

கழற்ற வந்த அன்று நானும் நின்றேன். மின்வேலைக்கு வந்தவர் இல்-பிசார் தீவிலேயே இருக்கும் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். கீழ்ப்பலகை ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, திருகாணி நாலைக் கழற்றினார். முழுப் பலகையும் கையோடு வந்தது. பின்னால் குளிர் தடுக்கும் பஞ்சு இல்லை, வெறும் சீமெந்து. வயர்கள் எல்லாம் கூரையிலிருந்து கீழே இறங்கி, நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டிருந்தன. அந்த உயரத்துக்குக் கீழே பிளக் பொயின்ட் ஒன்றுகூட இல்லை.

அவர் என்னைப் பார்த்து, இதைச் செய்தவர் தண்ணீர் திரும்ப வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார், ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் கழற்றி மேலே கொண்டுபோய்விடலாம் என்றார்.

அதை அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அண்ணி கிட்டப் போய்க் கழற்றிய பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"மெஷின் மேசைக்கு வசதியா இருக்குமெண்டு பிளக்கை உயரத்திலை வைச்சதெண்டு எனக்குச் சொன்னவர்" என்றார். பிறகு, "உன்னோடை அவருக்குக் கோவமெண்டே நினைச்சுக்கொண்டிருந்தனி? அந்தாளுக்கு வெக்கம். வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டனெண்டு. தங்கச்சிக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

அண்ணை, அந்தக் கதிரையை அப்படித் தள்ளி வைத்துவிட்டுப் போகாமல், இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும் உங்கள் பின்னால் வந்து கேட்டிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டே அவ்வளவு காலத்தையும் விட்டுவிட்டோமா?

பேஸ்மென்ட் இப்போது வெறும் சீமெந்துத் தரை. படிவத்தில் அண்ணி திருத்திவிட்டார். போன மாதம் வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. தரகர் வாய் திறக்கமுன் அண்ணியே அவர்களைக் கீழே கூட்டிக்கொண்டுபோய், தன் நெஞ்சில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "தண்ணீர் இவ்வளவு" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"போயிட்டினம்" என்று எனக்குப் போனில் சொன்னார். குரலில் கவலை பெரிதாக இல்லை. வீடு இன்னும் விற்கவில்லை. ஆற்று வெள்ளத்துக்குக் காப்புறுதியும் கிடைக்கவில்லை. அது கிடைக்கும் என்று நான் அண்ணிக்கு நம்பிக்கை கொடுக்கவும் இல்லை. குழாய்த் தண்ணீருக்கு மட்டும், வால்வு பூட்டிய பிறகு, ஒரு நிறுவனம் சம்மதித்தது. அந்த ஒப்பந்தத்தை அண்ணியின் குசினி மேசையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தமிழில் வாசித்தேன். நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணி போட்டார். மூன்று இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அதில் ஒன்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. அடுத்த நாள் கேட்டுச் சொன்னேன்.

பனி உருகும் காலம் வரும். ஒவ்வொரு நாளும் காலையில் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து அண்ணிக்குச் சொல்வேன். ஏறினாலும் சொல்வேன், இறங்கினாலும் சொல்வேன். ஏறினால் அன்றைக்கே போய் அவரை என் வீட்டுக்குக் கூட்டி வருவேன். வரமாட்டேன் என்று நிற்பார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன், அண்ணை. இந்த முறை வெட்கப்பட மாட்டேன்.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
தங்கச்சி சுபா